ஒன்பது தப்படி

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் கிடைத்தது. கிடைத்தது என்பதே கொஞ்சம் பொய். அண்ணன் வேறு எதற்கோ அழைத்தான். நான் கதையாக எடுத்துக்கொண்டேன். கதையாக எடுத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியதில்லை அல்லவா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு விபத்து வரும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது. வண்டி ஓட்டியவன் அண்ணன். பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். என் வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்காது. பாடநூல் அச்சகமொன்றில் பிழை திருத்துகிறேன். காலை நீட்டிக்கொள்ள மேசைக்கடியில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கு மேல் பரிதாபம் வேண்டாம். கதை என் காலைப் பற்றியது இல்லை.

(எதைப் பற்றியது என்று இங்கே ஒரு வரி எழுதி, அடித்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: ‘அந்நிய ஊரின் இளவெயிலில் அவன் தலைக்கவசத்தை—’

வேண்டாம். அங்கே வெயிலா மழையா என்று நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது: ‘நாற்பத்து மூன்று வயதில் ஒருவன் மீண்டும் மாணவனாவது என்பது—’

இது மேடைப் பேச்சு. வேண்டாம்.

நேராகவே சொல்கிறேன். அண்ணன் லிப்ட் பழுது பார்ப்பவன். போன வருஷம் கம்பெனி அவனை வெளிநாட்டுக்கு அனுப்பியது. ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டிடம் ஏறி இறங்க வேண்டும். பஸ்ஸை நம்பினால் நடக்காது. பைக் தருகிறோம், ஆனால் இந்த ஊர் லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். நம் ஊர் லைசென்ஸை அந்த அலுவலகத்தில் நீட்டியபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தாராம். பன்னிரண்டு வகுப்பு, அப்புறம் தேர்வு.

முதல் வகுப்பில் அண்ணனை வண்டியில் ஏறவே விடவில்லை. கீழே சாய்த்துப் போட்டிருந்த வண்டியைத் தூக்கச் சொன்னார் பயிற்சியாளர். தூக்கினான். இடுப்பு பிடித்துக்கொண்டது.

“இடுப்பால தூக்காதீங்க. முழங்காலை மடக்கி, காலால தூக்குங்க.”

“மேடம், நான் இருபது வருஷமா பைக் ஓட்டுறேன்.”

“சந்தோஷம். இப்போ மறுபடி கீழ போடுங்க. மெதுவா.”

3

பயிற்சியாளரைப் பற்றி. என் முதல் வரைவில் அவர் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர், பெரிய மீசை. அது என் கைச்சரக்கு. அண்ணன் சொன்னது அப்படி இல்லை. அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லையாம். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவள். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். வகுப்பில் எல்லோரும் அவளை விசில் என்றே கூப்பிடுவார்களாம், அவள் காதுபடவே. அண்ணனைவிடப் பதினைந்து வயது சின்னவள் அவனைப் பார்த்து ஊதுகிறாள் என்பது அவனுக்கு எப்படிக் கசந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் மீசைக்காரரை அனுப்பிவிட்டு அவளைத் திரும்ப அழைத்து வந்தேன்.*

* அவள் பேசியது எந்த மொழியோ. அண்ணன் எனக்குச் சொன்னது தமிழில். நானும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு வாரம் அவன் தினமும் அழைத்துப் புலம்பினான். தரையில் போட்ட ஒடுக்கமான பலகை மேல் ஓட்டும்போது சக்கரம் கீழே இறங்கிவிடுகிறது, எட்டுப் போடும்போது கால் ஊன்றிவிடுகிறது, திரும்புமுன் தோளுக்கு மேல் தலையைத் திருப்பிப் பார்க்க மறந்துபோகிறது. “கழுத்து என்ன கட்டையில செஞ்சதா, திரும்புங்கன்னு கத்துறா” என்றான். நான் சிரித்தேன். அவனும் சிரித்தான். கதை இங்கேயே நின்றிருந்தால் ஒரு நல்ல நகைச்சுவைத் துணுக்கு.

ஒன்பதாவது வகுப்பு வந்தது.

4

(இந்தப் பகுதியை எழுதுமுன் மூன்று தடவை எழுந்து போனேன். ஒரு தடவை, எரியாத அடுப்பை அணைக்க.)

ஒன்பதாவது வகுப்பு அவசர பிரேக். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வரவேண்டும். விசில் கொடியை இறக்கியதும் நிறுத்த வேண்டும். முதல் தடவை பின் பிரேக் மட்டும். காலால் மிதித்தான், பின் சக்கரம் இறுகி, வால் ஆட, வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றது. நின்ற இடத்தில் அவள் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். இரண்டாவது தடவை இரண்டு பிரேக்கும். வலது கையால் முன் பிரேக்கை மெல்ல இறுக்கி, காலாலும் மிதிக்க வேண்டும்.

அண்ணன் மிதித்தான். கை அசையவில்லை.

“முன் பிரேக்!”

“தூக்கிப் போட்டுடும் மேடம்.”

“யார் சொன்னது?”

“எல்லாரும் சொல்வாங்க. முன்னாடி பிரேக்கைத் தொடாதேன்னுதான் கத்துக்கிட்டேன்.”

“வெடுக்குனு பிடிச்சாதான் தூக்கும். எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி பிடிங்க. நான் இங்கதானே நிக்கிறேன்.”

நாலாவது முயற்சியில் பிடித்தான். வண்டி மூக்கைக் கொஞ்சம் தாழ்த்திச் சமர்த்தாக நின்றது. அவள் இன்னொரு கோடு போட்டாள். அண்ணன் இறங்கி, அந்தக் கோட்டிலிருந்து முதல் கோடு வரை நடந்தான். ஒன்பது தப்படி. திரும்பி நடந்தான். ஒன்பது. மறுபடியும் நடந்தான். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவன் ஓரமாகப் போய், தலைக்கவசத்தைக் கழற்றாமலே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“தலை சுத்துதா?” என்று கேட்டாள் விசில்.

ஆமாம் என்று தலையாட்டி வைத்தானாம்.

5

அன்று மாலை அழைத்தான். புலம்பவில்லை.

“பிரேக் ஃபெயில் ஆகலை, பாப்பா.”

(முப்பத்தெட்டு வயதிலும் அவனுக்கு நான் பாப்பா.)

“எந்த பிரேக்?”

“அன்னைக்கு. நான் பின் பிரேக்கை மட்டும் மிதிச்சிருக்கேன். வழுக்கிட்டே போய் தண்ணி லாரி பின்னாடி இடிச்சிட்டேன். பிரேக் பிடிக்கலைன்னுதான் நெஜமா நெனச்சேன். ஒன்பது தப்படி, பாப்பா. நமக்கும் லாரிக்கும் நடுவுல அது இருந்திருந்தா போதும்.”

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“அப்பா அந்த மெக்கானிக்கை எப்படி ஏசினார் தெரியுமில்ல? முந்தின நாள் சர்வீஸ் பண்ணிக் கொடுத்தவர். நடுத்தெருவுல, அத்தனை பேர் முன்னாடி, என் பிள்ளைங்க உயிரோட விளையாடிட்டியேன்னு. அதோட அந்த ஆள் கடையை மூடிட்டுப் போயிட்டார். அப்பாவும் இப்ப இல்ல. நீதான் ஊர்ல இருக்கே. அவரைத் தேடிப் பார்த்து, எனக்காக மன்னிப்புக் கேளு. உன்கிட்டயும் கேக்கணும். எப்படிக் கேக்கறதுன்னுதான் தெரியல.”

“சரி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டேன். ஒரு மனிதன் தன் பாரத்தை இறக்கி வைக்கும்போது சொல்லக்கூடிய வாக்கியமா அது? கதையிலாவது இதை மாற்றலாம் என்று பார்த்தேன். ‘நான் விம்மினேன்’ என்று எழுதிப் பார்த்தேன். விம்மவில்லை.

6

இனிமேல் தள்ளிப்போட முடியாது.

அன்று எனக்கு நேர்முகத் தேர்வு, பதினொரு மணிக்கு. நேரமாகிவிட்டது என்று வழியெல்லாம் நச்சரித்தேன். அண்ணன் வலது கையில் கடிகாரம் கட்டுபவன். மணி பார்க்க, பின்னாலிருந்து கையை நீட்டி, அவன் சட்டைக் கையை விலக்கி, மணிக்கட்டை என் பக்கம்—

லாரி நின்றது எப்போது, நான் கையை விட்டது எப்போது? விட்டேனா? அவனுக்கு அது நினைவில்லை. தலையில் அடிபட்டதில், பிரேக்கை மிதித்ததும் வண்டி நிற்காமல் போனதும் தவிர அன்று காலை நடந்த எதுவும் அவனிடம் மிஞ்சவில்லை. எனக்கு நினைவிருக்கிறது. அவன் தோலின் சூடு வரை.

கவனியுங்கள், விசில் எனக்கு ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறாள். நான் கையைப் பிடித்திருந்தாலும் பிடிக்காவிட்டாலும், முன் பிரேக்கைத் தொடும் பழக்கமே அவனுக்கு இல்லை. அவனே சொல்கிறான். அப்படியானால் நான் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மன்னிப்பை வாங்கிக்கொண்டு, போகட்டும் விடு அண்ணா என்று பெருந்தன்மையாக இருக்கலாம். அந்த முடிவை எழுதியும் வைத்தேன். நன்றாகத்தான் வந்திருந்தது.

பிறகு மெக்கானிக்கைப் பார்க்கப் போனேன்.

7

ஊரின் மறுகோடியில் இருக்கிறார். இப்போது தண்ணீர் மோட்டார் மட்டும்தான் பார்க்கிறார். ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னேன். என் காலைப் பார்த்தார். ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார்.

அண்ணன் சொன்னதையெல்லாம் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும்மா. போலீஸ் ஸ்டேஷன்ல வண்டி நின்னுச்சு. போய்ப் பார்த்தேன். ரெண்டு பிரேக்கும் பிடிச்சுது. உங்கப்பாகிட்ட சொல்லலாம்னு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தேன். நீ உள்ள அலறிட்டு இருந்தே. திரும்பிட்டேன்.”

“மன்னிச்சிடுங்க.”

“அது கிடக்கட்டும். ஒண்ணு மட்டும் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல.” கையைத் துணியில் துடைத்தார். “எதிர்ல ஏதாவது வந்துட்டா, பழக்கம் இருக்கோ இல்லையோ, கை தன்னால இறுகும். முன் பிரேக்கைத் தொடாதேன்னு நானே பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். ஆனா பயத்துல எல்லாரும் பிடிச்சிடுவாங்க. உங்கண்ணன் ஏன் பிடிக்கல? அந்த நேரத்துல அவன் கை எங்க இருந்துச்சு?”

வாசல் மூடிக்கொண்டது.

“நான் பிடிச்சிட்டு இருந்தேன்” என்றேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக, சத்தமாக.

அவர் துணியை மடித்துக் கீழே வைத்தார்.

“அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“எனக்குத் தெரிஞ்சது போதும். அவன்கிட்ட சொல்றதும் விடுறதும் உன் பாடு” என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

8

இன்று செவ்வாய். அண்ணனுக்குத் தேர்வு வியாழன் காலை. அவசர பிரேக்கும் உண்டு. அதே வலது கை, அதே பிடி. அந்தக் கைக்கு இப்போதுதான் தைரியம் வந்திருக்கிறது. இன்று சொன்னால் அது நடுங்கலாம். தேர்வு முடியட்டும் என்று இருக்கலாம்தான். ஆனால் அவன் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தவள் நான். அப்பாவுக்கு உடம்பு தேறட்டும் என்று இருந்தவளும் நான்தான்.

‘மெக்கானிக்கைப் பாத்தியா? என்ன சொன்னார்?’ என்று அவனிடமிருந்து செய்தி வந்து ஒரு மணி நேரமாகிறது. நான் படித்துவிட்டேன் என்பதும் அவனுக்குத் தெரிந்திருக்கும், நீலக்குறி விழுந்துவிட்டது. பதிலை எழுதி வைத்திருக்கிறேன். நாலே வரி. அனுப்பவில்லை.

மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் நல்லவளாகிவிடுகிறேன். அதனால் எதையும் இங்கே சேர்க்கவில்லை. நீங்கள் சொல்லுங்கள். இன்றா, வியாழன் மதியமா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். திரையில் அவன் பெயருக்குக் கீழே மூன்று புள்ளிகள் ஓடுகின்றன, ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறான்.