மெஷினுக்கு அடியில் இருந்தவர்

அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் விரலால் தாளம் போடக் கூடாது. மற்ற வீடுகளில் பொய் சொல்லாதே, எதிர்த்துப் பேசாதே என்று சட்டம் இருக்கும். இங்கே அதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். ஆனால் டக்கு டக்கு என்று ஒரு விரல் அசைந்தால் போதும், அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.

எல்லாம் ஒரு ரெக்கார்டால் வந்த வினை. அப்பா வாலிபத்தில் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். சின்தசைசரும் ஒல்லிக் கிட்டாரும் தோள்பட்டை எகிறிய கோட்டும் ஊரை ஆண்ட நியூ வேவ் காலம் அது. குழுவில் அவருக்கு 'லேட்டு' என்று பட்டப்பெயர். ஒத்திகைக்கு முதல் ஆளாக வந்து பூட்டுக்கு முன்னால் நிற்பவர் அவர்தான். தாமதம் அவர் காலில் இல்லை, கையில் இருந்தது. நாலு அடியில் ரெண்டாவது அடி மட்டும் ஒரு மயிரிழை பிந்தி விழும்.

ரெக்கார்டுக்கு எல்லாப் பாட்டையும் அவர் வாசித்து முடித்த அன்று, பதிவை நடத்திய தயாரிப்பாளர் டிரம்ஸ் அறைக்குள் வந்தார். முகத்தில் பாதி மீசைதான் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மீசை'. "நீ கிளம்பு. ரெக்கார்டுல தானாத் தாளம் போடற டிரம் மெஷின்தான் வரப்போகுது" என்றார். அப்பா குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுக் கிளம்பினார். அப்படியே லிஃப்ட் மெக்கானிக் ஆகிவிட்டார்.

ரெக்கார்டு பிய்த்துக்கொண்டு போனது. நாற்பது வருஷமாகியும் கடையில், டாக்சியில், காத்திருக்கச் சொல்லும் டெலிபோனில் என்று அது இல்லாத இடமில்லை. போதாக்குறைக்கு அதன் அட்டையில் 'டிரம்ஸ்' என்று போட்டு அப்பாவின் பெயர். "பிச்சை போட்டிருக்கான்" என்பார் அப்பா. ஒருமுறை முடிவெட்டும் கடையில் அதிலிருந்து ஒரு பாட்டு ஒலிக்க, பாதித் தலையோடு எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டார். மீதிப் பாதியை அம்மா துணி வெட்டும் கத்தரிக்கோலால் சரிசெய்தாள். சரிசெய்தாள் என்று அம்மாதான் சொல்லிக்கொள்கிறாள். அந்தக் கோலத்திலேயே அப்பா ஒரு வாரம் வேலைக்குப் போனார், வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு!

அவருக்குப் பிறந்த ஒரே மகள் ஸ்டுடியோவில் ஒலிக்கலவை செய்பவள் ஆனாள். அவளுக்கு மட்டும் வீம்பு இருக்காதா என்ன? பள்ளிக்கூட நாளில் போர்வைக்குள் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த ரெக்கார்டைத்தான் கேட்பாள். அதைக் கேட்டால் காரணமே இல்லாமல் மனசு லேசாகும். அப்பாவை விரட்டிய ரெக்கார்டு தனக்கு ஏன் இப்படிப் பிடித்துத் தொலைக்கிறது என்று அவளுக்கே அவள்மேல் கோபமாக வரும்.

இப்போது அந்த ரெக்கார்டுக்கு உரிமைக்காரக் கம்பெனி அதைச் சரவுண்ட் சவுண்டில் புதிதாக வெளியிட நினைத்து, வேலையை அவளிடமே கொடுத்தது. ஒத்துக்கொண்டாள். அம்மாவிடம் மட்டும் சொன்னாள். "உங்கப்பா காதுல விழுந்துச்சு, தொலைஞ்சோம்" என்றாள் அம்மா. அது வெறும் மிரட்டல் இல்லை. அந்த ரெக்கார்டோடு சம்பந்தப்பட்டவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அப்பா எப்போதோ சொன்னவர், அன்றிலிருந்து குழுவில் ஒருத்தர் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. மகளாயிற்றே என்று பார்க்கிற ஆளும் அல்ல.

வேலை இதுதான். பழைய ரெக்கார்டில் எல்லா ஒலியும் இரண்டே ஸ்பீக்கரில் அடைந்து கிடக்கும். சரவுண்டில் கேட்பவரைச் சுற்றிலும் தலைக்கு மேலும் ஸ்பீக்கர்கள். மூல டேப்பில் குரல், கிட்டார், சின்தசைசர் என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தடத்தில் இருக்கும். அதைப் பிரித்து எதை முன்னால் வைப்பது, எதை முதுகுக்குப் பின்னால் வைப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். அதற்கு முன்னால் சுத்தம் செய்ய வேண்டும். இரண்டு ஸ்பீக்கர் நெரிசலில் தெரியாத இரைச்சலும், ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குள் கசிந்த ஒலியும் சரவுண்டில் பல்லை இளிக்கும். சுத்தம் என்று வந்துவிட்டால் மகளுக்கு அம்மாவின் கை. தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். ஒரு தடத்தில் டிரம் மெஷினின் ஒலியே மங்கலாக, தூரத்தில் கேட்பதுபோல் இருந்தது. எங்கோ கசிந்த குப்பை என்று அதை அடியோடு அணைத்தாள்.

குழுவின் பாடகர் கேட்டு ஒப்புதல் சொல்ல வேண்டும். தாத்தாவாகிவிட்ட அந்த மனிதர் வந்து நடு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்து முழுவதும் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "எல்லாம் பளபளன்னு இருக்கும்மா. ஆனா பாட்டு நடக்கல. நிக்குது" என்றார்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது நிஜம். போர்வைக்குள் மனசை லேசாக்கிய ஏதோ ஒன்று பாட்டை விட்டுப் போயிருந்தது. மறுநாள் முழுக்கத் தலைகீழாக நின்று பார்த்தாள். கிட்டாரை ஏற்றினாள், இறக்கினாள். குரலை முன்னுக்கு இழுத்தாள். ஊஹூம். கடைசியில் துடைத்தெறிந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பப் போட ஆரம்பித்தாள். அந்தக் குப்பைத் தடத்தைப் பின்னால் இருக்கும் ஸ்பீக்கருக்குத் தனியாக அனுப்பி, ஒலியைக் கூட்டினாள்.

முதலில் ஒரு ஸ்டூல் கீச்சென்றது. பிறகு குச்சி தோலில் விழும் ஓசை. ஒவ்வொரு அடிக்கும் மூக்கால் ஒரு மூச்சு: ஹ்ம், ஹ்ம்.

மகள் நாற்காலியோடு சுழன்று திரும்பினாள். அந்த மூச்சை அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சமையலறைக் குழாயை அப்பா ஸ்பேனர் போட்டு முடுக்கும்போது வருகிற மூச்சு.

மெஷினை முன்னால் வைத்து, இந்தத் தடத்தைப் பின்னால் வைத்தாள். மெஷின் அடித்தது. அதோடு சேர்ந்தே அப்பாவின் அடி விழுந்தது, ரெண்டாவது மட்டும் ஒரு மயிரிழை பிந்தி. பாட்டு எழுந்து நடந்தது. மெஷினின் ஓசைக்கு நேர் அடியில் அவரை வைத்து, ரெண்டையும் ஒரே ஓசையாக்கியிருக்கிறார் மீசை. உலகமே இத்தனை வருஷம் தலையாட்டியது மெஷினுக்கு இல்லை. போர்வைக்குள் அவளைத் தாலாட்டியதும் மெஷின் இல்லை. தன் அப்பாவைக் குப்பை என்று துடைத்துப் போட்டிருக்கிறாளே, பாவி! ஆனால் துடைத்திருக்காவிட்டால் இது தெரிந்தே இருக்காது என்றும் தோன்றியது. "மீசை, நீங்க நல்லா இருக்கணும்" என்று ஆளில்லாத அறையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுதாள்.

பாடகர் மறுபடி வந்து கேட்டார். "இப்ப நடக்குது! என்ன செஞ்ச?"

"லேட்டக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள். விஷயத்தைக் கேட்டு அவர் இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அவருக்கே தெரியாது. போகும்போது மீசையின் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மகள் அம்மாவை அழைத்தாள். "அம்மா, அப்பா அந்த ரெக்கார்டுல இருக்காரு."

"பேரு இருக்கறதுதான் தெரியுமே."

"பேரு இல்லம்மா, அவரே இருக்காரு. மூச்சு விடறதுகூடக் கேக்குது."

"குழாய் முடுக்கும்போது விடுவாரே, அதுவா?"

"அதேதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அம்மா சுதாரித்துக்கொண்டாள். "இதச் சொல்லிக் கூப்பிட்டா அந்த மனுஷன் வரமாட்டாரு. நீ பரிதாபப்பட்டுக் கதை கட்டறேன்னு நினைப்பாரு. லிஃப்ட்ல ஏதோ சத்தம் வருதுன்னு சொல்லு, பறந்து வருவாரு."

பறந்துதான் வந்தார். ஓய்வு பெற்றவர்தான், ஆனால் கருவிப் பையோடு, பழைய நீலச் சட்டையோடு வந்தார். ஸ்டுடியோ லிஃப்டில் காதைச் சுவரில் வைத்தபடி மேலும் கீழும் போனார். வெளியே வந்து, "இதுல ஒரு கோளாறும் இல்லயேம்மா. குழந்த மாதிரிப் போகுது" என்றார். குரலில் லேசான ஏமாற்றம்.

"சரி விடுங்கப்பா. வந்ததுதான் வந்தீங்க, என் ரூம்ல அஞ்சு நிமிஷம் உக்காந்துட்டுப் போங்க."

நடு நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிலும் மேலேயும் இருந்த ஸ்பீக்கர்களைப் பார்த்தார். "கேபிளெல்லாம் ஒழுங்கா கட்டியிருக்காங்க" என்று மெச்சினார். மகள் பொத்தான்மேல் விரலை வைத்தாள். பாதியில் எழுந்து போனால் அவ்வளவுதான். இனி ஒருநாளும் கேட்க மாட்டார். அவளோடும் பேச மாட்டார். கடவுளே என்று பொத்தானை அழுத்தினாள். பின்னால் இருந்த தடம் மட்டும் ஓடியது.

ஸ்டூல் கீச்சென்றது. அப்பா திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"இந்த ஸ்டூலு…" என்றார் மெதுவாக. "எண்ணெய் விடுங்கடான்னு கரடியா கத்தினேன். ஒருத்தன் விடல."

குச்சி விழுந்தது. மூச்சு வந்தது. அப்பாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகள் மெஷினைக் கொண்டுவந்தாள், பிறகு பேஸ் கிட்டாரை, பிறகு அந்தப் பிரசித்தமான சின்தசைசர் வரியை. அவ்வளவுதான், என்ன பாட்டென்று புரிந்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"நிறுத்து."

அவள் நிறுத்தவில்லை. அப்பா விறுவிறுவென்று கதவை நோக்கி நடந்தார். கைப்பிடியில் கை வைத்த நேரத்தில் அவள் பாட்டை ஓடவிட்டு அவரது தடத்தை மட்டும் அணைத்தாள்.

அப்பா நின்றார். கதவு பக்கம் பார்த்தபடியே காதைச் சாய்த்தார். ஓடுகிற லிஃப்டில் ஏதோ கழன்றால் நிற்பாரே, அப்படி நின்றார்.

"என்ன எடுத்த?"

"உங்கள."

திரும்பப் போட்டாள். பாட்டு நடந்தது.

"இப்ப?"

"இப்ப நீங்க இருக்கீங்கப்பா."

"எடு." எடுத்தாள். "போடு." போட்டாள். நோய் எங்கே என்று தெரியும்வரை விடாத மெக்கானிக் அல்லவா, நாலைந்து தடவை எடுக்கவும் போடவும் வைத்தார். பிறகு பையைத் தரையில் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் பாட்டுல மட்டுமா?"

"எல்லாத்துலயும். மெஷினுக்கு அடியில."

முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அசையாமல் கேட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. முடிந்ததும், "அந்த மனுஷன நான் திட்டாத நாளே இல்லயேம்மா" என்றார். "இருக்காரா?"

மகள் எண்ணை அழுத்தி, போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். மீசையின் மருமகள் எடுத்தாள். "மாமாவுக்குப் பேச்சு சரியா கேக்காதுங்க. பெரிய சத்தம்தான் கேக்கும். நல்லாக் கத்துங்க" என்று போனைக் கைமாற்றினாள்.

"அண்ணே! நான்தாண்ணே!" என்று அப்பா கத்தினார்.

"எந்த நான்?" என்றது ஒரு கரகரத்த குரல்.

அப்பா பெயரைச் சொன்னார். "கேபிள் டிவிக்காரனா? போன மாசமே வேண்டாம்னு சொல்லிட்டேனே!" என்றார் மீசை. அப்பா குழுவின் பெயரைச் சொன்னார், ரெக்கார்டின் பெயரைச் சொன்னார், தொண்டை கட்டும்வரை சொன்னார். "வேண்டாங்க, வைங்க" என்றார் மீசை.

அப்பா தவித்துப்போய் மகளைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார். வலது கை மெல்ல எழுந்து மேசைக்கு மேலே நின்றது. சின்ன வயதிலிருந்து அந்தக் கையை மேசைமேல் சும்மா இருந்து மட்டுமே பார்த்தவள் மகள்.

டக். ரெண்டாவது, ஒரு மயிரிழை பிந்தி, டக். டக். டக்.

அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. அப்பா இன்னொரு சுற்று தட்டினார். ஹ்ம் என்று மூச்சும் வந்தது.

"டேய்… லேட்டு!"

அப்பா போனைக் கிட்டே இழுத்தார்.

"லேட்டு, நீயாடா? இன்னும் அந்த ரெண்டாவது அடிய ஒழுங்கா அடிக்கக் கத்துக்கலயா? கம்பெனிக்காரன் மெஷின்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னான்டா. சரின்னு சொல்லிட்டு உன்ன அடியில ஒளிச்சு வச்சேன். நீ இல்லாம அது பாட்டா? சொல்லலாம்னு எத்தன தடவ போன் போட்டேன், எடுத்தியாடா நீ?"

"எடுக்கலண்ணே."

"என்ன? கேக்கல!"

"தப்புதாண்ணே! நன்றிண்ணே!"

"கேக்கல, இன்னும் சத்தமா!"

"நன்றின்னு சொன்னேண்ணே!" கதவைத் தாண்டி நடைவழியெல்லாம் கேட்டது. பக்கத்து அறைக்காரர்கள் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்தார்கள்.

இந்த முறை மீசைக்கு நன்றாகவே கேட்டிருக்கும் என்று மகளுக்குப் பட்டது. குரலில் சிரிப்பை அடக்குவது தெரிந்தது. அழுகையை அடக்குவதும் தெரிந்தது.

"கேக்கலடா லேட்டு" என்றார் அவர். "நாப்பது வருஷம் கழிச்சு சொல்ற. இன்னொரு தடவ சொன்னாத்தான் என்ன?"

அப்பா இரண்டு கையையும் மேசையில் ஊன்றி, போனுக்கு மேல் குனிந்து, இன்னொரு தடவை சொன்னார்.