கடைசி வரிசைக் கறண்ட்

மின்பெட்டிக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஏரிக்கரைக் காம்பிங் மைதானத்தின் பொறுப்பாளர் அதைத்தான் முதலில் காட்டினார். ஜெர்மனியின் எசன் நகரில் கடை நடத்தும் சிவகுருநாதன், முதலில் விரித்த சேலையையே வாங்கிக்கொண்டு போகும் ஆள் இல்லை. எட்டுத் தமிழ்க் குடும்பங்களை ஒன்றாகச் சேர்த்து, மொத்த விலை பேசி, ஏரிக்கரையோரக் கடைசி வரிசையை அடித்துப் பிடித்தார். எட்டுக் காரவன் வண்டிவீடுகளுக்கும் அங்கே மின்சாரத்துக்கு ஒரே கேபிள் என்பதை அவர் கேட்கவில்லை. மலிவாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எந்த வியாபாரிக்கும் வழக்கமில்லை.

மகள் கவிசா வருவதாயிருந்தாள். டிரெஸ்டனில் வேலை செய்யும் இந்தியப் பையன் ஜெயகாந்தை வீட்டாரின் சம்மதத்துக்குக் காத்திராமல் மணந்த பிறகு, இரண்டு வருடமாகப் பேச்சில்லை. இப்போது கைக்குழந்தையுடன் மூன்று நாள் தங்கச் சம்மதித்திருந்தாள். தொலைபேசியில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"இந்த வெக்கைக்குள்ள பிள்ளையை வைச்சிருக்க ஏலாது, அப்பா. ஏசி வேலை செய்யுமோ?"

"ஐஸ் மாதிரி இருக்கும். வா பிள்ளை."

அது 2003 ஆகஸ்ட். ஜெர்மனியே அடுப்பில் வைத்த சட்டிபோலக் காய்ந்தது. கவிசா காலையில் வந்தபோது காரவன் குளிர்ந்துதான் இருந்தது. மதியமானதும் எட்டுக் காரவனிலும் ரைஸ் குக்கர் ஏறியது. விளக்கு மங்கியது. ஏசி ஒருமுறை உறுமி நின்றது.

அடுத்த காரவன் வின்சன்ற் மீற்றரைச் செருகிப் பார்த்தான். "இருநூற்றிமுப்பது வோல்ட் வரவேணும் அண்ணை, நூற்றித்தொண்ணூறுதான் நிக்குது. இப்பிடியே முக்கவிட்டா மோட்டர் எரிஞ்சுபோம்."

சிவகுருநாதன் ஃபிரிட்ஜைக் காஸுக்கு மாற்றினார். வெந்நீர்ப் பெட்டியை அணைத்தார். உருளையில் சுற்றிக் கிடந்த வயரை முழுதாக இழுத்துவிட்டார். ஏசி அசையவில்லை. கடைசியில் காரவன் காரவனாக ஏறி இறங்கினார்.

"ஒரு மணித்தியாலம் குக்கரை நிப்பாட்டுங்கோ."

"குக்கரை நிப்பாட்டினா என்ர மனுசன் என்னையும் நிப்பாட்டிப்போடும், அண்ணை," என்றாள் மூன்றாம் காரவன் சந்திரகாந்தி. ஆனாலும் நிறுத்தினாள். மற்றவர்களும் நிறுத்தினார்கள்.

ஏசி ஓடியது. குழந்தை கால்களைப் பரப்பித் தூங்கியது. கவிசா தகப்பனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அவருக்கும் வர விருப்பந்தான். நீங்கள் கூப்பிடேல்லை."

'கூட்டிக்கொண்டு வா' என்ற வார்த்தை அவர் நாக்கு நுனியில் இருந்தது. கேட்டவுடன் கடைசி விலையைச் சொல்லிவிட்டால் மதிப்பில்லை என்பது அவர் பிழைப்பில் ஊறிய பழக்கம். போகும் முன் சொல்லிக்கொள்ளலாம் என்று தேத்தண்ணியை ஊதிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து குழந்தையிடம் போனாள்.

தவணை முடிந்தது. பசித்த வயிறுகள் குக்கரைத் தட்டின. ஏசி முனகி அடங்கியது. குழந்தை முகம் சிவக்க வீரிட்டது.

அவர் அலுவலகத்துக்கு ஓடினார். மின்பெட்டிக்குப் பக்கத்து இடத்தை முழு விலைக்கே கேட்டார். வாழ்க்கையில் முதல்முறை. அதை ஒரு ஹொலண்ட் தம்பதி அப்போதுதான் எடுத்திருந்தார்கள், அவர்களும் பேரம் பேசாமல்.

திரும்பி வந்தபோது கவிசா குழந்தையைக் காரில் இருத்திக்கொண்டிருந்தாள்.

"அரை மணித்தியாலம் பொறு பிள்ளை. சோறு வெந்திடும்."

"கலியாணத்துக்கும் பொறு எண்டுதான் சொன்னனீங்கள், அப்பா." குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் அவர் ஏதாவது பேசிப் பார்த்திருப்பார். "பிள்ளைக்கு ஏலாது. நான் போறன்."

"அவரையும்..." என்று தொடங்கினார். அவள் காரில் ஏறிக் கண்ணாடியை உயர்த்திவிட்டாள்.

கார் வாசலைத் தாண்டிய சிறிது நேரத்தில் குக்கர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. காரவனுக்குள்ளிருந்து மனைவி தேவமலர் தலையை நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, இப்ப நல்லாக் குளிருது. உள்ளுக்கு வாங்கோவன்."

"நீ இரு."

கட்டிலில் குழந்தை கிடந்த துவாயை அவள் இன்னும் மடிக்கவில்லை. வின்சன்ற் மீற்றரும் கையுமாகச் சிரித்துக்கொண்டு வந்தான்.

"இருநூற்றி இருபத்தெட்டு, அண்ணை. முதல்தரக் கறண்ட்."

"ஓம்," என்றார் சிவகுருநாதன், வாசலைப் பார்த்தபடி.