'ஹோ' சொன்னால் நிற்காத வேன்

குதிரைக்காரியைக் கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முரட்டுக் குதிரையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறவள். வேன் ஓட்டச் சொன்னால் மட்டும் அவளுக்குக் கைகால் உதறும். ஆயுசுக்கும் கடிவாளம் பிடித்த கை. வண்டியை நிறுத்த வேண்டுமென்றால் கால் பிரேக்கைத் தேடாது, கை ஸ்டியரிங்கை நெஞ்சோடு சேர்த்து இழுக்கும், வாய் குதிரையை நிறுத்துகிற மாதிரி "ஹோ... ஹோ..." என்னும். வேன் அதுபாட்டுக்குப் போகும். இப்படியே லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாகிவிட்டது.

"ஒரு கட்டுப் புல்லைக் காட்டிப் பாரு, வேன் நின்னாலும் நிக்கும்" என்று கணவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

சிரித்த மனுஷன் லாயத்தில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். இனி வண்டி ஓட்டவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். ஊருக்கு வெளியே உள்ள பூங்காவுக்குக் குதிரைகளை வேனில் ஏற்றிப் போய், குழந்தைகளைச் சவாரி ஏற்றினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும்.

"இந்தத் தடவையும் டெஸ்ட் போச்சுன்னா பெரியவனையும் சின்னவனையும் வித்துட வேண்டியதுதான். வியாபாரிகிட்ட சொல்லி வச்சிருக்கேன்" என்றார் அவர்.

பெரியவன் கறுப்பு, சின்னவன் பழுப்பு. பிள்ளையில்லாத வீட்டில் குதிரைகளுக்கு அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்று யாரும் கேட்டதில்லை.

டெஸ்ட் அன்று காலை, வேனில் அவள் பக்கத்தில் லைசென்ஸ் அதிகாரி ஏறி உட்கார்ந்தார். வார்த்தையை எண்ணிப் பேசுகிற மனிதர். "எந்தப் பக்கம் போகணும்னு நான்தான் சொல்லுவேன். நடுவுல இறங்கினா டெஸ்ட் முடிஞ்சுது."

கடைவீதி வரைக்கும் தட்டுத்தடுமாறி வந்துவிட்டாள். அங்கே எல்லா வண்டிகளும் ஒரே நேரத்தில் ஹார்ன் அடித்தன. ஒரு பஸ் சாலைக்குக் குறுக்கே திரும்பி நின்றது. ஜனங்கள் கடைப் படிகளில் ஏறிக்கொண்டு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எதிரே, கார்களுக்கு நடுவில் புகுந்து புறப்பட்டு, இரண்டு குதிரைகள் ஓடிவந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு.

பார்த்தவர்களுக்கு வேடிக்கை. அவளுக்கு உயிரே போய் வந்தது.

"ஹோ!" என்று கத்தினாள். குதிரைகள் நின்றன. வேனும் நின்றது. குனிந்து பார்த்தால் அவள் கால் பிரேக்கின் மேல் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

பெரியவன் தனக்குப் பழக்கமான வேனை ஒட்டி வந்து, ஜன்னலுக்குள் மூக்கை நீட்டினான். உடம்பெல்லாம் நடுங்கியது. கழுத்தில் ஒரு புதுக் கயிறு அறுந்து தொங்கியது. அது அவர்கள் வீட்டுக் கயிறு இல்லை.

"உங்களுதா?" என்றார் அதிகாரி, சீட்டின் அந்த ஓரத்துக்கே ஒதுங்கியபடி.

"என் பிள்ளைங்க சார்." கதவின் பிடியில் கை வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "நான் இறங்கறேன். டெஸ்ட் போனா போகட்டும். இங்க பஸ்ஸுல அடிபடறதுக்கு, எவன் வீட்டுலயாவது உயிரோட இருக்கட்டும்."

அதிகாரி மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"இறங்காதீங்கம்மா. பாதையை நான்தானே சொல்லணும்? உங்க வீடு எந்தப் பக்கம்?"

"வலது பக்கம் சார்."

"அப்ப வலது பக்கம் திரும்புங்க. மெதுவா."

வேன் ஊர்ந்தது. ஜன்னல் வழியாக அவள் குரல் கொடுத்துக்கொண்டே போக, குதிரைகள் பின்னால் சமர்த்தாக நடந்தன. கண்ணாடியில் பின்னால் பார்க்கவில்லை என்றுதான் போன தடவை ஃபெயில் போட்டார்கள். இன்றைக்குக் கண்ணாடியைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாகத்தான் வந்தாள். அதிகாரி மறுபக்க ஜன்னலில் தலையை நீட்டி, "தள்ளி நில்லுங்கப்பா, டெஸ்ட் நடக்குது!" என்று கத்திக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் கணவர் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். பக்கத்தில் வியாபாரி. அவன் கையில் அறுந்த கயிற்றின் மறுபாதி. அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

வேனை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டாள்.

"பாஸ்" என்றார் அதிகாரி. "'ஹோ' சொல்லணும்னு சட்டத்துல இல்ல. சொல்லக்கூடாதுன்னும் இல்ல." சின்னவனைச் சுற்றிக்கொண்டு, தூரமாகவே நடந்து போனார்.

கணவர் தரையைப் பார்த்தார். "நீ வர்றதுக்குள்ள அனுப்பிட்டா உனக்குக் கண்ணால பாக்கற கஷ்டம் இருக்காதேன்னு..."

"நான் பாஸ் பண்ண மாட்டேன்னு முடிவே கட்டிட்டீங்க."

அவளுக்கு இரண்டு தடவை தோற்றபோது வலிக்காதது இப்போது வலித்தது. வியாபாரி கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நழுவினான்.

குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டி, உடம்பைத் துடைத்து, நடுக்கம் அடங்கும்வரை கூடவே நின்றாள். பிறகு இரண்டையும் வேனில் ஏற்றினாள். இத்தனை வருஷம் அவள் உட்கார்ந்து வந்த பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தாள்.

"பூங்காவுக்கு நேரமாச்சு. ஏறுங்க."

அவர் மெல்ல ஏறி உட்கார்ந்து, ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். அவள் சாவியைத் திருப்பினாள்.

"பயமா இருந்தா 'ஹோ'ன்னு சொல்லுங்க" என்றாள். "நிறுத்தறேன்."