ஹால் ஆணிக்கு ஒரு படம்

நான் படம் எடுக்கவிருந்த காதுகுத்து நின்றுபோய்விட்டது. அவர்கள் பங்காளி வீட்டில் ஒரு பெரியவர் காலமாகித் தீட்டு வந்துவிட்டதால் தள்ளிவைத்துவிட்டார்கள். ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு கல்யாணப் போட்டோகிராபருக்குச் சும்மா கிடைப்பது லேசுப்பட்ட விஷயமா? மல்லசமுத்திரத்தில் பதினாறு வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், இப்படி ஒரு ஞாயிறு எனக்கு ஞாபகம் இல்லை. போன பெரியவருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கேமராப் பையை எடுத்தேன்.

ஓமலூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. ரயில் லைனை வேறு வழியில் மாற்றிப் போட்ட பிறகு தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டடத்தை மட்டும் அப்படியே விட்டுவிட்டார்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த முகூர்த்தத்துக்குள் ஜில்லாவில் உள்ள அத்தனை போட்டோகிராபர்களும் மாப்பிள்ளை பெண்ணைக் கூட்டிக்கொண்டு கலர் புகை போட வந்துவிடுவார்கள். எனக்கு அங்கே ஒரே ஒரு படம் வேண்டும், மனித முகமே இல்லாத படம். பதினாறு வருடம் ‘சிரிங்க, சிரிங்க’ என்று கத்தியவனுக்கு அந்த ஆசை வரக்கூடாதா?

“நானும் வாரேனுங்க,” என்றாள் என் மனைவி தேவிப்ரியா.

“அங்க ஒண்ணுமே இருக்காது ப்ரியா. பாழடைஞ்ச கட்டடம்.”

“இருந்துட்டுப் போவுதுங்க. கலியாணமாகிப் பன்னெண்டு வருசமாச்சு, நீங்க படம் எடுக்கற எடத்துக்கு ஒருக்காவாச்சும் என்னையக் கூட்டிட்டுப் போயிருக்கறீங்களா?”

அதற்கு மேல் பேசினால் ஆணிப் பேச்சு வரும். பைக்கை எடுத்தேன்.

ஆணி விவகாரம் இதுதான். எங்கள் புது வீட்டு ஹாலில், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஓர் ஆணி அடித்திருக்கிறது. தை மாதம் குடிபோனதிலிருந்து அது காலி. தாலுகாவில் பாதி வீட்டுச் சுவர்களில் நான் எடுத்த படம் தொங்குகிறது. என் வீட்டுச் சுவரில் வெறும் ஆணி. காரணமும் நான்தான். எங்கள் கல்யாணத்தில், அப்போது என்னிடம் வேலை பார்த்த ரமேஷ்குமார்தான் படம் எடுத்தான். அவன் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. மாலை மாற்றும்போது லைட்டைத் தள்ளி வைக்கச் சொன்னேன். இணைச்சீர்ச் சடங்கின்போது ஆங்கிளை மாற்றச் சொன்னேன். தாலி கட்டப்போகிற நேரம் பார்த்து அவன் கேமராவில் பேட்டரி தீர்ந்துபோனது. அவன் மாற்றும்வரை தாலிக்கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். எங்கள் பக்கம் கல்யாணத்தை முன்நின்று நடத்திவைக்கிற அருமைக்காரர் சென்னியப்பன், “மாப்ள, பொண்ணப் பாத்துக் கட்டுங்க, நேரம் தாண்டுது!” என்று மண்டபமே திரும்பிப் பார்க்கச் சத்தம் போட்டார். ஆல்பத்தைப் புரட்டினால் ஒவ்வொரு படத்திலும் ப்ரியா என்னைப் பார்க்கிறாள். நான் லென்ஸைப் பார்க்கிறேன்.

“நீங்க என்னையப் பாக்கற மாதிரி ஒரு படம் இருந்தாக் குடுங்க, மாட்டறேன். இல்லாட்டி அந்த ஆணி அப்படியே கெடக்கட்டும்,” என்று குடிபோன அன்றே சொல்லிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் முகம் பார்த்தே பிழைக்கிறவனுக்கு அது சிரிப்பில்லை என்று தெரியாதா? எட்டு மாதமாக அந்த ஆணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

ஸ்டேஷனில் யாரும் இல்லை. பாதிப் பிளாட்பாரத்தில் யாரோ மக்காச்சோளம் காயப்போட்டிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலில் குளவி கூடு கட்டியிருந்தது. மஞ்சள் பலகையில் பெயிண்ட் உரிந்து ஊர்ப் பெயரில் பாதிதான் மிச்சம். நான் தரையில் படுத்தும் சுவரில் ஒண்டியும் எடுத்துத் தள்ளினேன். ப்ரியா சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து வறுத்த கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் கேமராவைத் திருப்பும்போதெல்லாம், “தள்ளிக்கோணுமுங்களா?” என்று கேட்டாள். மூன்று முறை தள்ளிக்கொள்ளச் சொன்னேன். நாலாவது முறை எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது.

நினைத்த படம் கிடைத்துவிட்டது. ஆளில்லாத பிளாட்பாரம், பாதிப் பெயர், சாய்ந்த வெயில். நல்ல படம்தான், மறுக்கவில்லை. அதைக் கொண்டுபோய் ஹாலில் மாட்டினால் ப்ரியா என்னை வெளியே மாட்டிவிடுவாள்.

“வா ப்ரியா, ஆணிக்கு ஒண்ணு எடுத்துரலாம்,” என்றேன்.

கேமராவை ஸ்டாண்டில் வைத்து, பத்து விநாடி டைமர் போட்டு, ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றேன். அவளைப் பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் டைமர் விளக்கு வேகமாக மினுக்க ஆரம்பித்ததும் கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று பார்க்காமல் எப்படி இருப்பது? இரண்டாவது முறையும் அதே கதை, மூன்றாவது முறையும் அதே கதை.

கோபித்துக்கொள்வாள் என்று பயந்தேன். அவளோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “உங்குளுக்கு அது வராதுங்க, உடுங்க,” என்றவள், கையை நீட்டினாள். “கேமராவக் குடுங்க. நான் எடுக்கறேன்.”

என் கேமராவை நான் யாரையும் தொட விட்டதில்லை. ரமேஷ்குமார்கூடத் தன் கேமராவில்தான் எடுத்தான், என் பையைத் தூக்கியதோடு சரி. இருந்தாலும் ஸ்டாண்டிலிருந்து கழற்றி அவள் கழுத்தில் வாரை மாட்டிவிட்டேன். இந்தத் தடவை யார் பேட்டரிக்கும் காத்திருக்கவில்லை.

“எங்க அமுக்கோணும்?”

காட்டிக்கொடுத்தேன். அவள் மேற்கே பதினைந்தடி தள்ளிப்போய், வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றாள். நான் பலகைக்குப் பக்கத்தில் நின்றேன். கண் கூசியது. கேமராவைத் தூக்கினாள். ஒற்றைக் கண்ணை மூட வராமல் இறக்கினாள். மறுபடி தூக்கினாள். காற்றுக்கு அவள் முடி கலைந்து பறந்தது. “மாப்ள சார், சிரிங்க, சிரிங்க,” என்று என்னைப் போலவே கத்தினாள். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சட்டென்று அமுக்கிவிட்டாள்.

கேமராவை வாங்கிப் பார்த்ததும் தொழில் புத்தி தலைக்கேறிவிட்டது. “உன்ற நெழலு உள்ள உழுந்திருக்குது பாரு! எடுக்கறவங்க நெழலு படத்துல உழவே கூடாது, அதான் மொதப் பாடம். இரு, இன்னொண்ணு எடுக்கலாம்.” பிளாட்பாரத்தின் மேல் நீண்டு வந்த அவள் நிழல் என் செருப்புவரை கிடந்தது. முடி பறப்பதுகூடத் தெரிந்தது.

“அழிச்சுப்போடாதீங்க,” என்றாள். குரல் மாறியிருந்தது. “இதுல நீங்க ஆரப் பாக்கறீங்க?”

கேமராவை என்று சொல்லப்போய் நிறுத்திக்கொண்டேன். ஃபோகஸ் என்று ஒன்று இருப்பதே அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் இல்லை.

“ரெண்டு பேரும் ஒட்டுக்கா இருக்கறமுங்க,” என்று ஸ்கிரீனில் அந்த நிழலைத் தொட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதிக் கடலையை என் கையில் கொட்டினாள். இருட்டும்வரை அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து தின்றோம். எனக்கு நிறைவாக இருந்தது.

பெரிய சைஸில் போட்டு ஆணியில் மாட்டினோம். ஐப்பசியில் பேரன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க அருமைக்காரர் சென்னியப்பன் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தையே பார்த்தார்.

“இந்த நெழலு ஆருது சாமி?”

“என்ற நெழலுதானுங்க,” என்றாள் ப்ரியா, காபியை நீட்டியபடி.

அவர் என் பக்கம் திரும்பினார். “அன்னைக்கே இப்படிப் பாத்திருந்தீங்கன்னா, முகூர்த்த நேரம் தாண்டியிருக்காதுங்க மாப்ள.”