ஜெயசுதா காய்ச்சிய திராட்சரசம்

என் வீட்டுக்காரர் சுப்புராயன் விடிந்ததும் பாயைக்கூடச் சுருட்டாமல், "எம் பாவத்த ஆண்டவர் மன்னிச்சிட்டாரு" என்று சத்தமாகச் சொல்வார். பாஸ்டர் சொல்லிக் கொடுத்தது. விசுவாசம் ஒருநாள் கூத்து இல்லை, சோறு மாதிரி தினமும் வேண்டும் என்றாராம். நல்லதுதான். ஆனால் சொல்லி முடித்த கையோடு இடித்த புளி மாதிரி உட்கார்ந்துவிடுவார். மன்னிப்புக் கிடைத்தவன் மூஞ்சியா இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆனி மாதம், கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்துத் தெருத்தெருவாகப் பிணம் விழுந்ததே, அதில் இவர் தம்பி மாயவனும் போய்விட்டான். அந்தச் சாராயப் பாக்கெட்டை வாங்கி வந்தது இவர். காமாலை வந்து தேறியிருந்த நேரம் என்பதால் இவர் குடிக்கவில்லை. மூட்டை தூக்கிவிட்டு வந்த தம்பி வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், உடம்பு வலி போகும் என்று டம்ளரில் ஊற்றிக் கையில் திணித்தார். இது எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்டருக்கும் மட்டும்தான் தெரியும். மாயவன் பெண்டாட்டி ஜெயசுதாவுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தோம்.

அந்தச் சாவுக்கு அப்புறம்தான் நாங்களும் அவளும் சபைக்குப் போக ஆரம்பித்து, ஞானஸ்நானமும் எடுத்தோம். மாதத்தில் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பத் துண்டும், மருந்து மூடி அளவு கப்பில் திராட்சரசமும் தட்டில் வரும். இவர் தலையைக் குனிந்துகொண்டு தட்டைப் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிடுவார். இந்தக் கையால் எடுத்துக் குடித்தால் தண்டனை வந்து சேரும் என்று பயம். மன்னிப்பு நீ உழைத்து வாங்கும் கூலியில்லை, சும்மா கொடுத்ததை வாங்கிக்கொள் என்று பாஸ்டர் எவ்வளவோ சொன்னார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஆண்டவர் மன்னித்தது இருக்கட்டும், ஜெயசுதாவிடம் ஒரு வார்த்தை சொல்லித் தொலை என்று நானும் திட்டிப் பார்த்தேன். அதற்கு வாய் வராது. கடைசியில், வருகிற ஞாயிறு கட்டாயம் குடிக்கிறேன் என்று பாஸ்டரிடம் வாக்குக் கொடுத்தார்.

எங்கள் சபையில் ரசம் காய்ச்சுவது வீட்டுக்கு வீடு முறை. அந்த மாதம் ஜெயசுதா முறை. கறுப்புத் திராட்சையை வேகவைத்துப் பிழிந்து, சனிக்கிழமை பிரிட்ஜ் இருக்கிற வீட்டில் கொடுத்து வைப்போம். அவளுக்குச் சனிக்கிழமை கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் வேலை. வெள்ளிக்கிழமையே அரைகுறையாகக் கொதிக்கவிட்டு, சர்க்கரை பற்றாமல் வெல்லத்தைத் தட்டிப் போட்டு, பாட்டிலில் ஊற்றி வீட்டிலேயே வைத்துவிட்டாள். சித்திரை வெயில், தகரக் கூரை. கேட்கவா வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் ஜெபம் பண்ணித் தட்டைக் கொண்டுவந்தார். இவர் முதல் தடவையாகக் கப்பைக் கையில் எடுத்தார். பெண்கள் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்பாடா என்றிருந்தது. வாய்கிட்டே கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். வெல்லமும் புளிப்புமாக வாடை. கல்யாணத்துக்கு முன்னால் கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சினவர்களுக்கு வெல்ல மூட்டை சுமந்தவர். சாராய ஊறல் வாடை அந்த மூக்குக்குத் தெரியாதா? பக்கத்திலிருந்த பெரியவர் கப்பைத் தூக்கினார். இவர் அதைத் தட்டிவிட்டார். பாஸ்டர் கையிலிருந்த தட்டையும் தட்டிவிட்டார். விரித்திருந்த வெள்ளைத் துணியெல்லாம் சிவந்துவிட்டது.

"குடிக்காதீங்க. எந்தம்பிக்கு நாந்தான் ஊத்திக் குடுத்தேன். வேணாம்னான், நாந்தான் வற்புறுத்துனேன். யாரும் குடிக்காதீங்க."

சபையே ஜெயசுதாவைப் பார்த்தது. அவள் எழுந்து வந்தாள். அறையப் போகிறாள் என்று நினைத்தேன், அறையட்டும் என்றும் நினைத்தேன். அவள் குனிந்து, சிதறிக் கிடந்த கப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும் மாமா" என்றாள். "ஆஸ்பத்திரில கண்ணு தெரியாம கெடந்தப்ப அவரே சொன்னாரு. அண்ணன இன்னா ஏதுன்னு கேட்டுடாத, தாங்க மாட்டான்னாரு. அதான் கேக்கல."

இவர் அவள் காலைத் தொடப் போனார். அவள் விலகிக்கொண்டாள்.

"தெனம் காலைல உங்கள மன்னிச்சிட்டேன்னு சொல்லிக்கினுதான் வேலைக்குப் போறேன். சாயங்காலம் வூட்டுக்கு வந்து அவரு சட்டையப் பாத்தா எல்லாம் போயிடுது. மறுநாள் திரும்ப மொதல்லருந்து. இன்னைக்குச் சொல்லிட்டேன். நாளைக்கு என்னால ஆவுமான்னு தெரியல."

அன்றைக்குத் திருவிருந்து நடக்கவில்லை. மறுநாள் காலை இவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, ஜெயசுதா வீட்டு வாசலில் போய் நின்றார். அவள் எட்டிப் பார்த்து, "இன்னைக்கு ஆச்சு, போங்க மாமா" என்றாள். அது முதல் தினமும் வேலைக்குப் போகுமுன் அங்கே போய் நிற்பார். சில நாள் அவள் சொல்வாள். சில நாள் உள்ளே பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் கேட்கும். அன்றைக்கு நான் திட்டாமல் சோற்றுத் தூக்கை எடுத்துக் கொடுப்பேன்.

அடுத்த மாதம் என் முறை. நன்றாகக் கொதிக்கவிட்டுக் காய்ச்சினேன். அந்த ஞாயிறு காலை இவர் வெகுநேரம் நின்றும் ஜெயசுதா வெளியே வரவில்லை. சரி, இன்றைக்கும் தள்ளிவிடப் போகிறார் என்று வயிற்றெரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். இவர் கப்பை எடுத்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. மிச்சத்தைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். குடித்துவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

தட்டு எங்கள் பக்கம் வந்தது. ஜெயசுதா தலையைக் குனிந்துகொண்டு அதை என் பக்கம் தள்ளிவிட்டாள். அன்று காலை அவளால் முடியவில்லை, அவ்வளவுதான்.