மேட்டுப் பள்ளியில் இரண்டு எருமைகள்

1

இந்தக் கதை எனக்குப் புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு கல்யாண விருந்தில் கிடைத்தது. அங்கேயே குடியேறிவிட்ட தமிழர் ஹெர்பர்ட் அதை வேடிக்கையாகச் சொல்ல, மேசையே சிரித்தது. அவர் மனைவி ஈனிட் மட்டும் சிரிக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

‘2005 ஜூலையில் வானம் பிளந்துகொண்டு’ என்று தொடங்கினேன்.

விட்டுவிட்டேன். வானம் பிளக்கவில்லை. விடாமல் மழை பெய்தது, அவ்வளவுதான்.

2

ஈனிட் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தாள். புனேக்கு வெளியே, தளேகாவுக்கு அப்பால், அணைக்குக் கீழே உள்ள கிராமங்களுக்கு வெள்ள காலத்தில் என்ன செய்வது என்று பழக்குவது அவள் வேலை. சங்கு ஊதினால் மேட்டுப் பள்ளிக்கு ஏறிவிட வேண்டும். கயிறு, டார்ச், மருந்து எல்லாம் அங்கே இருக்கும். ஆடுமாடுகளை அவிழ்த்துவிட வேண்டும். பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாது.

அந்த விதியை எழுதியவள் அவள்தான். (நெரிசலில் நோய் பரவும் என்ற பயம். நியாயமான பயம். அவளை முட்டாளாக்கினால் கதை எனக்குச் சுலபமாகிவிடும், செய்யமாட்டேன்.)

3

ஒரு மத்தியானம் சங்கு ஊதியது. ஊர் முழுக்க மேடேறியது, வைஷாலியைத் தவிர. கணவன் ஹடப்சரில் தொழிற்சாலை வேலை. இவள் ஊரில் இரண்டு எருமைகளோடு பால் வியாபாரம்.

மேட்டுப் பள்ளியில் இருந்த மனைவியை அழைத்துப்போக ஜீப்பில் வந்திருந்தார் ஹெர்பர்ட்.

“வண்டிய எடுங்க. கீழ போணும்.”

“ஏட்டி, நீ என்ன பாகலா, பைத்தியமா? தண்ணி ரோட்டுக்கு வந்துட்டு.”

“அதுக்குத்தான் சொல்லுதேன். சலோ.”

4

வைஷாலி கொட்டிலில் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். (அவள் பேசியது மராத்தி. தமிழ்ச் சட்டை என் தையல். அளவு பிசகினால் என்னைத் திட்டுங்கள்.)

“அவுத்து விட்டுட்டு வா வைஷாலி. அதுங்களே நீந்திக்கும்.”

“ஒண்ணு நீந்தும். இன்னொண்ணு நிறைமாசம் அக்கா. நான் வரலை, நீங்க போங்க.”

“பள்ளிக்கூடத்துல எருமைய எல்லாம்...”

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானல்ல, ஈனிட். விட்டவள் குனிந்து சினை எருமையின் கயிற்றை அவிழ்த்துத் தன் கையில் சுற்றிக்கொண்டாள். ஜீப் சேற்றில் புதைந்து நின்றுவிட்டது. வைஷாலி ஒன்றை இழுக்க, ஈனிட் இன்னொன்றை இழுக்க, ஹெர்பர்ட் பின்னாலிருந்து தள்ளினார். சினை எருமை அவர் சட்டையெல்லாம் சாணி போட்டது. விருந்தில் எல்லாரும் சிரித்த இடம் இதுதான்.

5

பள்ளி வாசலில் தலைமையாசிரியர் வழிமறித்தார்.

“மேடம், இது நீங்க போட்ட விதி.”

“ஆமா. கதவைத் திறங்க.”

திறந்தார். எருமைகள் மூன்றாம் வகுப்புக்குள் போயின. கொஞ்ச நேரத்தில் கொட்டில் இருந்த இடத்தில் ஆறு ஓடியது. ஊரில் ஒரு மனித உயிரும் போகவில்லை.

ஹெர்பர்ட் கதையை இங்கே முடித்துவிட்டார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

6

ஆனால் வராந்தாவில் மனோஜ் என்ற விவசாயி நின்றுகொண்டிருந்தார். பயிற்சியில் சொன்னபடியே தன் ஜோடிக் காளைகளை அவிழ்த்துவிட்டு மேடேறியவர். அவை நீந்தப் பார்த்ததையும் சுழலில் சிக்கிப் போனதையும் அதே வராந்தாவிலிருந்து பார்த்தவர். இப்போது மூன்றாம் வகுப்பின் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஈனிட்டைப் பார்த்தார். கோபமே இல்லாமல் கேட்டார்:

“நீங்க சொன்னதைக் கேட்டேன் அக்கா. கேட்டது தப்பா?”

7

அவள் என்ன சொன்னாள் என்று ஹெர்பர்ட்டுக்குத் தெரியாது. பின்பக்கம் சட்டையை அலசிக்கொண்டிருந்தார். விருந்து முடிந்து கை கழுவும் இடத்தில் ஈனிட்டிடமே கேட்டேன். மனோஜ் கேட்டது வரை சொன்னவள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றதும், “அத எதுக்கு எழுதுதீங்க?” என்றாள்.

நானே பதில்கள் எழுதிப் பார்த்தேன். ‘மன்னிச்சிருங்க’ என்று ஒன்று. காளைகளுக்குப் போதாது. ‘உங்க உயிராவது மிஞ்சிச்சே’ என்று ஒன்று. உண்மைதான், ஆனால் அதைச் சொல்லும் வாய் அவளுடையதாக இருக்கக் கூடாது. மறு வருஷம் விதியைத் திருத்தி, மேட்டில் கால்நடைகளுக்குக் கொட்டகை போட்டது நிஜமாகவே நடந்தது. அது ஊருக்குப் பதில். மனோஜுக்கு அல்ல.

ஆகவே இந்த முடிவை நான் எழுதப்போவதில்லை. வராந்தாவில் மழைச்சாரல் அடிக்கிறது. மனோஜ் உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். சொல்லுங்கள்.