மாசிலாமணிக்கு வரவேண்டிய பொன்னாடை

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் தமிழர் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டத்தில் பொன்னாடை ஏறும் தோள் பன்னிரண்டு வருடமாக ஒன்றுதான். அது மாசிலாமணியின் தோள். "முழங்கால் காயம் மட்டும் இல்லாவிட்டால் நாட்டுக்கே ஆடியிருப்பார்!" என்று செயலாளர் வேலாயுதம் மைக்கில் முழங்குவார். மாசிலாமணியும் அதை அப்போதுதான் கேள்விப்படுவதுபோல் கூச்சத்தோடு கழுத்தை நீட்டுவார். வீட்டில் அலமாரி நிரம்பி வழிந்ததால் மனைவி ரஞ்சிதம் நான்கு பொன்னாடைகளைச் சோபாவுக்கு உறையாகத் தைத்துவிட்டாள்.

இந்த வருடம் காப்பிக் கடையில் வேலாயுதம் குண்டைப் போட்டார்.

"அண்ணே, இந்தத் தடவை பொன்னாடை அந்த ஸ்பெயின் பையனுக்கு. உனாய். லீக்ல ஆட வந்திருக்கான்ல, மத்தியத் திடல் ஆட்டக்காரன். உங்க புளோக்லதான் குடியிருக்கான். அவனைப் பத்தி அஞ்சு நிமிஷம் பேசிட்டு, நீங்களே போர்த்திவிட்டுடுங்க."

"இருபத்து மூணு வயசு. அவன் என்னய்யா சாதிச்சான்?"

"ஸ்பெயின்லா, அண்ணே!"

மாசிலாமணியும் மத்தியத் திடல்தான். என்ன செய்ய, பாசிர் பாஞ்சாங்கில் பிறந்து தொலைத்துவிட்டார்.

உனாயை லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது. எரிவதற்கு அவரிடம் வயிறு இருந்தது. அந்தப் பையனிடம் அதுகூட இல்லை. "பாவம், தனியா இருக்கான்" என்று ரஞ்சிதம் ஒரு காலையில் அவனுக்கு இட்லி கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று கணவருக்கு மிஞ்சியது இரண்டு.

பேசச் சொன்னார்கள் அல்லவா, பேசுவோம் என்று மாசிலாமணி ஒரு வாரம் கணினி முன் உட்கார்ந்து உனாயின் பூர்வீகத்தைத் தோண்டினார். தோண்டத் தோண்டத் தோல்விகள் தங்கமாக வந்தன.

இறுதியாட்ட நாளில் மேடையேறினார். மேடைப் பேச்சையெல்லாம் வேலாயுதத்தின் மகள் திவ்யதர்ஷினி உனாயின் காதில் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பதினைந்து வயதில் 'குள்ளம்' என்று அகாடமியிலிருந்து விரட்டப்பட்டவர் நம் விருந்தினர்!" என்று ஆரம்பித்தார். கூட்டம் "ச்சொ" கொட்டியது. மூன்றாம் பிரிவு கிளப் ஒன்றில் மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்தார், ஆடியது மொத்தம் நாற்பத்தொரு நிமிடம் என்றார். கைதட்டல். இரவல் ஆட்டக்காரராகப் போன கிளப் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது என்று குரலை உயர்த்தினார். முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"நாப்பத்தொரு நிமிஷத்துக்கு மூணு வருஷம் உட்கார்ந்திருக்கான் பாருய்யா!" என்று யாரோ கத்த, திடலே எழுந்து நின்றது.

மாசிலாமணி தாளை மடித்துப் பையில் வைத்தார். இருபத்திரண்டு வயதில் அவரையும் ஒரு கிளப் பெஞ்சில் உட்காரவைத்தது. இரண்டே ஆட்டம். மூன்றாவதுக்கு அவர் போகவில்லை. முழங்கால் காயம் பிற்பாடு மைக்குக்காகப் பட்டது.

தேக்கா சந்தையில் வாங்கிய பொன்னாடையைப் போர்த்திவிட்டபோது உனாயின் கண் கலங்கியிருந்தது.

"இதெல்லாம் யாருமே சொன்னதில்லை, அங்கிள். நீங்களும் ஆடினீர்களாமே, ஏன் விட்டீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

"முழங்கால்."

"எந்தக் கால்?"

மாசிலாமணி கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. "இடது."

உனாய் அந்த இடது முழங்காலை மரியாதையோடு பார்த்தான். பிறகு தன் தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தான். பன்னிரண்டு வருடப் பழக்கம், மாசிலாமணியின் கழுத்து தானாக நீண்டுவிட்டது. அவன் போர்த்திவிட்டான்.

"கொடுக்கிற மனசைப் பாருங்கய்யா!" என்று வேலாயுதம் மைக்கில் கதறினார். அப்படியொரு கைதட்டலை அந்தத் திடலில் மாசிலாமணி கேட்டதே இல்லை. பொன்னாடைக்குள்ளிருந்து அவரும் தட்டினார்; தட்டாமல் நின்றால் நன்றாக இருக்காதே.

வீட்டுக்கு வந்ததும் அதைச் சோபாவில் வீசினார். ரஞ்சிதம் பதறிப்போய் எடுத்து மடித்தாள்.

"இதைத் தைக்க மாட்டேன். அந்தப் பையன் கொடுத்தது."